வீரனுக்கு எண் எதற்கு?

"வீரன் என்பவன் யார்? முன்னே நிற்பான், பகடையை உருட்டுவான், வாளை வீசுவான், மறுபடியும் பகடையை உருட்டுவான். அவ்வளவுதானே!" பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டில் ஈடுபாடு கொண்டோர் கூடுமிடங்களில் இப்பழிச்சொல் நெடுங்காலமாக ஒலித்து வருகிறது. பழி சொல்வோர் அதே மூச்சில் பரிகாரமும் சொல்லிவிடுகின்றனர். வீரனுக்குச் சிறிது வலிமையைக் கூட்டுவோம். இரண்டு வித்தைகளைப் பட்டியலில் சேர்ப்போம். கவர்ச்சியான பெயரொன்றைச் சூட்டுவோம். புதுவகை வீரன் பிறந்துவிட்டான் என்கின்றனர். இந்த மருந்து நோயினும் கொடியது என்பதே என் வழக்கு.

விளையாட்டை அறியாத வாசகர்க்கு முதலில் இரண்டொரு சொல். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். அவர்களுள் ஒருவர் நடுவர். பாழடைந்த கோட்டை, அதன் அடியில் இருண்ட நிலவறைகள், அங்கே பதுங்கியிருக்கும் பூதங்கள், அவை காத்துக் கிடக்கும் புதையல் என்று அவர் ஓர் உலகை விவரிக்கிறார். மற்றவர் ஒவ்வொருவரும் அவ்வுலகின் மாந்தராகி, "நான் இதைச் செய்கிறேன்" என்று வாயால் உரைக்கின்றனர். ஐயத்துக்கு இடமானவற்றைப் பகடை தீர்த்து வைக்கிறது. அக்கதையை எழுதுவார் ஒருவருமில்லை. அது பேச்சிலே பிறக்கிறது. கதையென்னும் கலையில் அக்கறையுள்ள நாம் இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்று தள்ளிவிடுவதற்கில்லை.

1974ஆம் ஆண்டில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனிவா என்னும் சிற்றூரிலிருந்து, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இயற்றிய மூன்று சிறு நூல்கள் ஒரே பெட்டியில் வெளிவந்தன. 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். அதில் ஆடுவோர்க்குத் தொழில்கள் மூன்றே: வீரன், மந்திரவாதி, சமயகுரு. மந்திரவாதிக்கு மந்திரப் பட்டியல் உண்டு. குருவுக்கும் உண்டு. வீரனுக்குப் பட்டியல் ஏதுமில்லை. இதைக் கண்டுதான் "ஐயோ பாவம், வெறுங்கையன்" என்று பின்வந்தோர் இரங்கலாயினர்.

அவன் வெறுங்கையன் அல்லன். அந்நூல்களைப் பொறுமையாகப் படித்தவர்க்கு இது புலப்படும். அவ்விளையாட்டுக்குத் தாய் 1971இல் கைகாக்சும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட 'செயின்மெயில்' என்னும் போர் விளையாட்டு. சிறு பொம்மைப் படைகளை மேசைமேல் நிறுத்தி ஆடுவது அது. அதிலே நாயகன் ஒருவன் நான்கு போர்வீரர்க்குச் சமம். பெருநாயகன் எட்டுப் பேர்க்குச் சமம். அந்தக் கணக்கே 1974இல் வீரனின் நான்காம் நிலைக்கும் எட்டாம் நிலைக்கும் பட்டமாக வந்து சேர்ந்தது. ஆகவே வீரன் தொடக்கத்திலேயே தனியாள் அல்லன், ஒரு படையின் சுருக்கம். மந்திர வாள் அவனுக்கே உரியது. குரு கூரிய படைக்கலத்தைத் தொடலாகாது. மந்திரவாதிக்குக் குத்துவாளுக்கு மேல் இல்லை. அம்மந்திர வாட்களுள் சிலவற்றுக்கு அறிவும் செருக்கும் உண்டு. ஏந்தியவனையே அடக்கியாள முயல்வனவும் உண்டு! ஒன்பதாம் நிலையில் அவன் கோட்டை கட்டிக் குடிகளிடம் வரி தண்டும் பிரபுவாகிறான். இவற்றுள் எதுவும் 'வித்தை' என்ற தலைப்பின்கீழ் அச்சாகவில்லை. ஆதலால் எண்ணிப் பார்க்கத் தெரிந்தவர் கண்ணுக்கு அவை படவில்லை.

எண்களின் படையெடுப்பு மறு ஆண்டே தொடங்கிற்று. 1975இல் வந்த 'கிரேஹாக்' என்னும் துணைநூல், பதினெட்டு என்ற உச்ச வலிமையோடு பிறந்த வீரன் நூறு வரையுள்ள பகடையை மேலும் ஒருமுறை உருட்டி, அதற்கேற்பக் கூடுதல் வலிமை பெறலாம் என்றது. மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டிப் பதினெட்டைப் பெறுவது 216 முறைக்கு ஒருமுறை நேர்வது. ஆட்டம் தொடங்குமுன்னரே, ஆடுபவரின் அறிவுக்கு வேலையே இல்லாத நேரத்தில், ஒருவன் சிறந்த வீரனாகவும் மற்றவன் தாழ்ந்த வீரனாகவும் விதிக்கப்பட்டுவிடுகிறான். தலையெழுத்தை எதிர்த்துப் போராடுவதற்காகவே கதை கேட்கவும் சொல்லவும் செய்கிறோம். இங்கோ தலையெழுத்துக்கே மகுடம் சூட்டினர்.

பத்தாண்டு கழித்து, 1985இல், 'அன்எர்த்து ஆர்கானா' என்னும் நூல் படைக்கலத் தேர்ச்சி என்றொரு விதியைக் கொணர்ந்தது. ஒரு படைக்கலத்தைத் தனக்குரியதாகத் தேர்ந்துகொண்ட வீரனுக்குத் தாக்குதலில் ஒன்று கூடும். காயத்தில் இரண்டு கூடும். வீச்சுகளின் தொகையும் மிகும். அன்பர்கள் பலர் இதனைக் கொண்டாடினர். நான் ஒரு கணக்குக் கேட்கிறேன். தாக்குதலைத் தீர்மானிப்பது இருபது முகப் பகடை. அதில் 'ஒன்று' கூட்டுவதால் விளைவு மாறுவது இருபதில் ஒருமுறை. ஐந்து வீச்சுகள் நிகழும் ஒரு சண்டையில், அந்த ஒன்று ஒரே ஒரு முறையேனும் பயன்படும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. நான்கு சண்டைகளில் மூன்றுக்கும் மேற்பட்டவற்றில் அவ்வீரன் தன் தனிச்சிறப்பை உணரவே போவதில்லை. அப்படியாயின் எண்ணைப் பெரிதாக்கலாமே என்பீர்கள். பெரிதாக்கினால் நடுவர் என்ன செய்வார்? பூதத்துக்கும் எண்ணைக் கூட்டுவார். இருவரும் ஏணியில் ஏறி, நின்ற இடத்திலேயே நிற்பர். வாள்வீரன், ஈட்டிவீரன், கோடரிவீரன் என்று மூன்று பெயர். மூவரும் செய்வது ஒன்றே. இதற்கா வகை என்று பெயர்?

எண்ணைக் கூட்டுவோரைவிட நான் அஞ்சுவது வித்தைப் பட்டியல் போடுவோரை. 1989இல் ஆரன் ஆல்ஸ்டன் எழுதிய வீரர் கைந்நூல் பற்பல வேடங்களை வரிசைப்படுத்திற்று. சில நல்ல கருத்துகள் அதில் உள்ளன; பெரும்பாலானவை உடுப்பு மாற்றம். 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பிலோ வீரனின் தொழிலே வித்தைகளைப் பொறுக்கிச் சேர்ப்பது என்றாயிற்று. இதில் என்ன கேடு? எதிரியின் காலை இடறி வீழ்த்துவதை எடுத்துக்கொள்வோம். பழைய ஆட்டத்தில் அதற்கு விதியே கிடையாது. ஆகவே எவரும் கேட்கலாம்: "நான் ஈட்டிக் காம்பால் அவன் காலை வாருகிறேன்." நடுவர் சற்றுச் சிந்தித்து, "சரி, உருட்டு" என்பார். புதிய பதிப்பில் அதற்குத் தனி வித்தை உண்டு. வித்தை இல்லாதவனும் முயலலாம் என்றுதான் நூல் சொல்கிறது. ஆனால் அவன் வெறுங்கையால் முயன்ற மாத்திரத்தில் எதிரிக்கு ஓர் அடி இலவசம்! யார் முயல்வார்? ஒருவனுக்கு 'இடறத் தெரியும்' என்று எழுதிக் கொடுத்த பேனா, மற்ற எல்லாருக்கும் 'இடறத் தெரியாது' என்று அதே மையில் எழுதிவிடுகிறது. பட்டியலில் ஏறும் ஒவ்வொரு வித்தையும் பொதுநிலத்தில் போட்ட ஒரு வேலி.

இதன் எதிர்முகாமையும் விட்டுவைப்பதற்கில்லை. பழைமைப் பாணி விளையாட்டுக்கு இந்நூற்றாண்டில் புத்துயிர் அளித்தோர் பலர். மாட் ஃபின்ச், கேவின் நார்மன் முதலியோர் பழைய விதிகளைத் துலக்கிப் புதுநூல்களாக வெளியிட்டது பெருந்தொண்டு. அத்தொண்டின் நிழலில் ஒரு கூட்டம் முளைத்திருக்கிறது. "வீரனுக்கு வகையே வேண்டா, கற்பனை உள்ளவனுக்கு வெறும் வீரனே போதும், போதாதென்பவன் கற்பனை இல்லாதவன்" என்பது அவர்தம் முழக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மந்திரவாதிக்குப் புது மந்திரம் எழுதும்போது இவர்களுள் ஒருவரும் "கற்பனை இல்லையா?" என்று கேட்பதில்லையே! ஜேம்ஸ் ரேகி 2010இல் வெளியிட்ட தம் விளையாட்டில், நிலை உயர உயரத் தாக்குதல் திறன் வளர்வது வீரனுக்கு மட்டுமே என்று விதித்தார். ஏனையோர் தொடங்கிய இடத்திலேயே நிற்பர். நேர்மையான விதிதான். ஆயினும் அது வீரனை மற்றவரினின்று பிரித்துக் காட்டுகிறதேயன்றி, ஒரு வீரனை இன்னொரு வீரனிடமிருந்து பிரித்துக் காட்டவில்லை.

ஒரு மேசையில் இருவர் வீரராக அமர்ந்தால் அவர்களை எது வேறுபடுத்த வேண்டும்? தோளின் அகலமா? கையிலுள்ள இரும்பின் நீளமா? நம் புறத்திணையை அறிந்தவர்க்கு விடை தொலைவில் இல்லை. ஆநிரை கவர்பவனையும் மதில் வளைப்பவனையும் நம் இலக்கணம் வேறு பூச்சூட்டிப் பிரித்தது அவரவர் ஈடுபட்ட செயலால். தூக்கிய படைக்கலத்தால் அன்று. அமெரிக்க நூல்களுக்கும் நம் இலக்கணத்துக்கும் உறவு கிடையாது. ஆயினும் அளவுகோல் பயன்படும்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், அமெரிக்க நூல்களிலேயே தேறிய வகைகள் சில உள்ளன. பாலடின் எனப்படும் அறவீரன் 'கிரேஹாக்' நூலிலேயே தோன்றிவிட்டான். 1978இன் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' அவனை முழுமையாக்கிற்று. நோய் அவனைத் தீண்டாது, தொட்டுக் குணமாக்குவான், இவை ஆற்றல்கள். அவனை நினைவில் நிறுத்துவன அவையல்ல. பத்துக்கு மேற்பட்ட மந்திரப் பொருள்களை அவன் வைத்துக்கொள்ளலாகாது. வருவாயில் பத்திலொன்றை அறத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். தீயவனோடு கூட்டுச் சேரலாகாது. தெரிந்தே ஒரு கொடுஞ்செயல் செய்தானாயின், அன்றோடு வெறும் வீரன், மீட்சியில்லை. புதையல் அறைக்குள் பதினோராவது பொருள் பளபளக்கும்போது அம்மேசையில் நிலவும் அமைதியை எந்த எண்ணாலும் விலைக்கு வாங்க முடியாது. ரேஞ்சர் என்னும் வனவீரனை 1975இல் ஜோ ஃபிஷர் படைத்தார். தானும் தன் குதிரையும் சுமக்கக்கூடியதற்கு மேல் அவன் உடைமை கொள்ளலாகாது என்பது அவனுக்குரிய விதி. ஒரே வாக்கியம்! அந்த ஒரு வாக்கியத்தில் அவன் வாழ்க்கை முழுதும் அடங்கிவிட்டது.

அதற்காக எல்லா விலக்கும் நல்ல விலக்கு என்று சொல்ல வரவில்லை. முன் சொன்ன 1985ஆம் ஆண்டு நூலில் இரு வகைகள் உண்டு. கெட்ட விலக்குக்கு அவற்றைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஒருவன் பார்பேரியன் என்னும் காட்டுவீரன். மந்திரத்தை வெறுப்பவன், மந்திரப் பொருளை உடைத்தால் அவனுக்கு அனுபவப் புள்ளி! கருத்து அருமை. ஆனால் தொடக்க நிலைகளில் மந்திரவாதியோடு சேர்ந்து நடக்கவே கூடாது என்று நூல் தடுத்துவிட்டது. நால்வர் கூடி ஆடும் ஆட்டத்தில் ஒருவர் மற்றொருவரோடு நடக்கலாகாது என்றால் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மற்றவன் கேவலியர் என்னும் குதிரைப் பிரபு. எதிரியைக் கண்டால் பாய்ந்து தாக்கியே தீர வேண்டும். அதிலும் வலியவனைத்தான் முதலில் தாக்க வேண்டும் என்பது அவன் மானநெறி. இங்கே ஆடுபவருக்கு என்ன வேலை? நூலே ஆடிவிடுகிறதே! அறவீரனின் விரதம் ஒவ்வொரு நாளும் "என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கிறது. கேவலியரின் விரதம் "இதைச் செய்" என்று கட்டளையிடுகிறது. வகை படைக்க விரும்புவோர் இவ்விரண்டையும் பிரித்தறியாவிடில் எழுதாமலிருப்பதே நலம்.

இத்துறையில் பலரும் மறந்துவிட்ட நூல் ஒன்று உண்டு. 1984இல் ஃபிராங்க் மென்ட்சர் தொகுத்த 'கம்பேனியன்' தொகுதி. ஒன்பதாம் நிலையை எட்டிய வீரன் நிலம் கொண்டு பிரபுவாகலாம். நிலம் வேண்டாதவனோ, தன் நெறிக்கேற்ப, சமயத்துக்கு உறுதிமொழி கொடுத்து அறவீரனாகலாம், அரசனுக்கு உறுதிமொழி கொடுத்து 'நைட்' ஆகலாம், இருளின் பக்கம் சாய்ந்து பழிவாங்குவோனாகலாம் என்றது அது. அரசவீரன் கோட்டைகளில் தங்க இடம் கேட்கும் உரிமையைப் பெறுகிறான். அரசன் அழைத்தால் போகும் கடனையும் சேர்த்துப் பெறுகிறான். பிறக்கும்போதே நெற்றியில் ஒட்டிய முத்திரையாக இல்லாமல், பல மாதம் ஆடிய ஆட்டத்தின் விளைவாக வகை உண்டாகிறது. வீரவகைகளைப் பற்றி எழுதுவோர் பலரும் இதனைக் கடந்து 1985க்கு ஓடிவிடுவது எனக்கு வியப்பளிக்கிறது.

சண்டையின் நடுவே ஆடுபவருக்கு உரிமை அளிக்கும் வழியைக் காட்டியது 2012இல் ஜோசப் குட்மன் வெளியிட்ட 'டஞ்சன் க்ரால் கிளாசிக்ஸ்'. அங்கே வீரன் தாக்குதல் பகடையோடு இன்னொரு சிறு பகடையையும் உருட்டுகிறான். முதல் நிலையில் அதற்கு மூன்றே முகம். நிலை உயர முகங்கள் பெருகும். உருட்டுமுன் தான் செய்ய நினைக்கும் அருஞ்செயலைச் சொல்லிவிட வேண்டும். "விளக்கின் சங்கிலியை அறுத்து அவன் தலைமேல் வீழ்த்துகிறேன்" என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அடி பட்டுச் சிறு பகடையும் மூன்றோ அதற்கு மேலோ காட்டினால், விளக்கு வீழ்ந்தது. பட்டியல் வேண்டாமல் செயலுக்கு இடம் கொடுத்த விதி இது. (அப்படியும் அவர்கள் எடுத்துக்காட்டு அட்டவணைகளைப் பக்கம் பக்கமாகப் போடாமல் விட்டார்களில்லை, பட்டியலாசை யாரை விட்டது!) பழைமைப் பாணியினர் பலர் கையாளும் கேடய விதியும் இவ்வினத்தது. உயிர்போக்கும் அடி ஒன்று வரும்போது, "கேடயம் நொறுங்கட்டும்" என்று வீரன் சொல்லலாம். அடி போயிற்று, கேடயமும் போயிற்று. எப்போது சொல்வது என்ற தவிப்பில்தான் ஆட்டம் இருக்கிறது.

பிறரைக் குறை சொல்வதோடு நிற்பது முறையாகாது. நான் விரும்பும் வகைகளின் மாதிரி இரண்டைச் சொல்கிறேன்.

வாசற்காவலன் என்றொருவன். பத்தடிக்கு மிகாத அகலமுள்ள வழியில், "இங்கே நிற்கிறேன்" என்று அவன் சொல்லிவிட்டால், அவன் வீழும்வரை எதிரி எவனும் அவனைக் கடக்க முடியாது. பகடை வேண்டா, எண் வேண்டா. ஆனால் அப்படிச் சொன்னபின், தோழர் எல்லாரும் வெளியேறும்வரை அவன் அடியெடுத்துப் பின்வைக்கலாகாது. வைத்தால், அதே வாசலுக்குத் திரும்பி வந்து நின்று காட்டும்வரை அவ்வாற்றல் அவனுக்கு இல்லை. சொல்வதும் சொல்லாததும் அவன் விருப்பம். கேவலியருக்கு இல்லாத உரிமை இது. தோழர்க்கும் இதில் பங்குண்டு: பின்னறையில் கிடக்கும் பொற்காசுகளை இன்னும் ஒரு நொடி நின்று அள்ளலாமா, அல்லது அவனை விடுவிக்க ஓடலாமா?

மற்றொருவன் கூலிப்படைத் தலைவன். பழைய ஆட்டங்களில் விளக்குச் சுமக்கவும் ஈட்டி ஏந்தவும் ஆட்களைக் கூலிக்கு அமர்த்துவது வழக்கம். டாம் மோல்ட்வே தொகுத்த 1981ஆம் ஆண்டுத் தொடக்கநூலில், கைகலப்பில் முதல் சாவு விழுந்தவுடன் இரண்டு பகடைகளை உருட்டி, எஞ்சியோர் நிற்பரா ஓடுவரா என்று பார்க்கும் விதி உண்டு. நம் தலைவன் கண்ணெதிரே நிற்கும்வரை அவன் ஆட்கள் அந்த முதற்சோதனைக்கு உருட்ட வேண்டுவதில்லை, நிற்பார்கள். விலை என்ன? மாண்டவனின் பெயரை அவன் தன் தாளில் எழுத வேண்டும். ஊர் திரும்பியதும் மாண்டவனின் வீட்டாருக்கு ஓராண்டுக் கூலியைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்காதவரை அவ்வூரில் ஒருவரும் அவனிடம் கூலிக்கு வாரார்.

இவ்வகைகளைச் சோதிக்க என்னிடம் ஒரே கேள்விதான் உண்டு: சண்டை இல்லாத நாளில் இவன் என்ன செய்வான்? படைக்கலத் தேர்ச்சி பெற்றவனுக்கு அன்று வேலையில்லை. வாளைத் துடைத்து வைத்துவிட்டுத் தூங்கலாம். கூலிப்படைத் தலைவனுக்கோ அன்றுதான் வேலை அதிகம்.

"ஆற்றலுக்கு ஈடாக அனுபவப் புள்ளியைக் கூட்டிக் கேட்டால் போதாதா? எதற்கு இத்தனை விரதம்?" என்று ஓர் அன்பர் வினவக்கூடும். வழக்கம் அப்படித்தான் இருந்தது. 1981இன் கணக்குப்படி இரண்டாம் நிலைக்கு வீரனுக்கு 2,000 புள்ளி, மந்திரவாதிக்கு 2,500, திருடனுக்கு 1,200. வகைகளுக்கும் இவ்வாறே விலை கட்டினர். அது கணக்குப்பிள்ளை செலுத்தும் விலை. பேரேட்டில் கழியும், மேசையில் எவருக்கும் உறைக்காது.

இன்னொரு மறுப்பு சற்று கனமானது. இவை யாவும் நடுவரின் தலையில் சுமையேற்றுகின்றன. விதியில்லா இடத்தில் அவர் ஓரவஞ்சனை செய்தால் வீரனுக்கு யார் துணை என்று கேட்கின்றனர். நடுவர் நேர்மையற்றவராயின் நானூறு பக்க நூலும் காவாது. அவர்தாமே பூதங்களைப் படைப்பவர்! சுமையைப் பற்றிச் சொன்னால், இரு வாக்கியங்களை நினைவில் வைப்பது எளிதா, நாற்பது வித்தைகளை நினைவில் வைப்பது எளிதா?

வீரனின் நாற்காலியில் அமர்பவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முதல்முறை வருபவர் அங்கேதான் அமர்கிறார். வேலை முடிந்து களைத்து வந்து, நூலைப் புரட்ட நேரமில்லாமல், நண்பர் அழைத்தாரே என்று உட்காருபவரும் அங்கேதான் அமர்கிறார். 1981இன் தொடக்கநூல் முழுவதும் 64 பக்கம். அதில் வீரனைப் பற்றிய பகுதி சில வரிகளே. அதனால் அவர் ஐந்து நிமிடத்தில் கதைக்குள் வந்துவிட முடிந்தது. பட்டியல்காரர்கள் அவரிடம் தடித்த நூலொன்றை நீட்டி, "படித்துவிட்டு வா" என்கின்றனர். பழைமைவாதிகள் "உனக்கு இதுவே போதும்" என்கின்றனர். அவருக்கு அரைப்பக்கத் தாள் ஒன்றைக் கொடுங்கள். அவர் செய்யக்கூடியது ஒன்று, செய்யலாகாதது ஒன்று, அவரைத் தேடி வரப்போகிறவர் ஒருவர். அம்மூன்றும் அதில் இருக்கட்டும். பகடையை அவர் கையில் கொடுத்துவிட்டு, "வாசலில் யாரோ தட்டுகிறார்கள், இறந்துபோன உன் ஆள் ஒருவனின் தாய், உன் பையில் எத்தனை காசு இருக்கிறது?" என்று கேளுங்கள்.